நிறைகுடமா, பிசாசு குடியிருக்கும் மடுவா? ஆங்கிலம், பிரெஞ்சு, ருஷ்யப் பழமொழிகள் பற்றி ஒரு கேள்வி

சொல்தேடி:

எல்லாருக்கும் வணக்கம். ஒரே ஒரு வாக்கியத்தில் பத்து நாளாக நின்றுகொண்டிருக்கிறேன்.

19ஆம் நூற்றாண்டு ருஷ்யச் சிறுகதை ஒன்றை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவருகிறேன். ருஷ்யம் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுதான். மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சந்தேகம் வருகிற இடத்தில் மட்டும் அகராதியைப் புரட்டுவேன். கதையில் ஒரு தாய், தன் மகளைப் பெண் கேட்டு வந்துபோன இளைஞனைப் பற்றிச் சாப்பிடும்போது பேசுகிறாள். அவன் வாயே திறக்காத ஆள். ஆங்கில நூலில் அவள் சொல்வது, 'அசையாத தண்ணீர் ஆழமாக ஓடும்'. நான் அதை 'நிறைகுடம் தளும்பாது' என்று போட்டேன். பொருத்தமாகவே இருந்தது.

அடுத்த வரியில்தான் இடித்தது. மகள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விடுகிறாள். அம்மா பாராட்டியதற்கு மகள் ஏன் எழுந்து போக வேண்டும்? மூலத்தைப் பார்த்தேன். அங்கே தண்ணீர் ஓடவே இல்லை. 'அசையாத ஓமுத்தில் பிசாசுகள் இருக்கும்' என்கிறாள் தாய். ஓமுத் என்பதற்கு அகராதி 'சுழல்', 'ஆழமான பள்ளம்' என்றெல்லாம் சொல்கிறது.

இந்த இரண்டையும் இணைப் பழமொழிகள் என்றுதான் எல்லாப் பட்டியல்களும் போடுகின்றன. ஒன்று பாராட்டு, ஒன்று எச்சரிக்கை. அப்படியானால் இணை என்று எதைச் சொல்கிறார்கள்?

புதுவைக்காரர்:

நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். பிரெஞ்சைச் சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பிரெஞ்சில் இதற்கு 'தூங்குகிற தண்ணீரை விட மோசமான தண்ணீர் இல்லை' என்பார்கள். நான் பள்ளியில் பிரெஞ்சு படித்தவன். எங்கள் ஆசிரியை இந்தப் பழமொழியைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். சத்தம் போடுகிறவனைப் பற்றிக் கவலைப்படாதே, பேசாமல் உட்கார்ந்திருக்கிறானே அவனைப் பார்த்துக்கொள் என்பதுதான் அதன் அர்த்தம். பாராட்டுக்கு அதில் இடமே இல்லை.

ஆகவே பிரெஞ்சும் ருஷ்யமும் ஒரு பக்கம், இன்றைய ஆங்கிலம் மறுபக்கம். உங்கள் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் வழக்கமான இணையை எடுத்துப் போட்டிருக்கிறார். அவருடைய வாசகர்களில் ஒரு பாதிப் பேருக்கு அது எச்சரிக்கையாகவே கேட்டிருக்கும், மறு பாதிக்குப் பாராட்டாக. தமிழுக்கு வரும்போது நீங்கள் 'நிறைகுடம்' போட்டதும் அந்த இரட்டை நிலையும் போய், பாராட்டு மட்டும் மிஞ்சிவிட்டது.

பழையபுத்தகம்:

ஆங்கிலத்திலும் அது முதலில் எச்சரிக்கைதான். ஷேக்ஸ்பியரின் 'ஆறாம் ஹென்றி' இரண்டாம் பாகம், 1590களின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. அதில் சஃபோக் பிரபு, மன்னரின் முன்னிலையில் குளோஸ்டர் பிரபு மீது குற்றம் சாட்டும்போது, ஓடை ஆழமான இடத்தில் தண்ணீர் ஓசையில்லாமல் ஓடும் என்கிறார். அடுத்த அடியிலேயே, வெளித்தோற்றத்தின் எளிமைக்குள் துரோகத்தை ஒளித்து வைத்திருக்கிறான் என்று முடிக்கிறார். அங்கே ஆழம் என்றால் ஞானம் இல்லை, சூது. பின்னாளில் ஆங்கிலேயர்கள் 'ஆழம்' என்ற சொல்லை நல்ல குணமாகப் பார்க்கத் தொடங்கியதும் பழமொழியும் அதோடு சேர்ந்து திரும்பிவிட்டது என்று நினைக்கிறேன்.

இதைவிடப் பழைய தடம் ஒன்றும் உண்டு. அலெக்சாந்தரின் வரலாற்றை லத்தீனில் எழுதிய குர்த்தியுஸ் ரூஃபுஸ், பாக்திரியர்களிடம், அதாவது இன்றைய வட ஆப்கானிஸ்தான் பக்கத்து மக்களிடம், வழங்கிய இரண்டு பழமொழிகளைச் சேர்த்துக் கொடுக்கிறார். ஒன்று, மிக ஆழமான ஆறுகள் மிகக் குறைந்த ஓசையோடு ஓடும். மற்றது, கோழை நாய் கடிப்பதை விடக் குரைப்பதில்தான் வேகம் காட்டும். 'குரைக்கிற நாய் கடிக்காது' என்று நாம் தெருவில் சொல்கிறோமே, அதன் உறவுக்காரனை அங்கே பார்த்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். ருஷ்யர்களிடம் அதே நாய் வேறு மாதிரி வருகிறது: 'குரைக்கிற நாய்க்குப் பயப்படாதே, பேசாத நாய்க்குப் பயப்படு.' பாருங்கள், திரும்பவும் அந்த மௌனத்தின் மேல்தான் அவர்களுக்குச் சந்தேகம்.

கூர்ஸ்க் மருத்துவர்:

நான் ருஷ்யாவில் கூர்ஸ்க் நகரத்தில் ஆறு வருடம் மருத்துவம் படித்தவன். நீங்கள் சொல்லும் பழமொழியை விடுதிப் பொறுப்பாளர் அம்மா என்னிடமே சொல்லியிருக்கிறார். முதல் வருடம் மொழி தெரியாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். 'அசையாத ஓமுத்...' என்று தொடங்கி, முடிக்காமல் விரலை ஆட்டிவிட்டுப் போவார். ருஷ்யர்கள் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள், மிச்சம் எல்லாருக்கும் தெரியும். அதில் அன்பும் இருக்கும், 'உன்னை நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்' என்ற கண்டிப்பும் இருக்கும். அதனால் உங்கள் கதையில் அந்தத் தாய் எந்தக் குரலில் சொல்கிறாள் என்பதையும் பாருங்கள்.

ஓமுத் என்பது ஆற்றில் திடீரென்று ஆழமாகிற இடம். மேலே தண்ணீர் அசையாத மாதிரி தெரியும். நீராலை பக்கத்தில் அணை கட்டிய இடங்களில் இப்படி உண்டாகும். ருஷ்யக் கிராமத்து நம்பிக்கையில் வோத்யனோய் என்கிற நீர்ப்பேய் வசிக்கிற இடம் அது. ஆகவே 'பிசாசுகள்' என்பது அலங்காரத்துக்குச் சொன்னதில்லை, குளிக்கப் போகிற பிள்ளைகளுக்குச் சொன்னது.

இணை என்று பட்டியலில் இருப்பதில் எவ்வளவு நழுவல் இருக்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் கோழிக்குஞ்சுகள். ஆங்கிலத்தில் 'பொரிக்கும் முன் குஞ்சுகளை எண்ணாதே'. ருஷ்யத்தில் 'குஞ்சுகளை இலையுதிர் காலத்தில்தான் எண்ணுவார்கள்'. ஒரே மாதிரி தோன்றும். ஆனால் ஆங்கிலேயனுக்கு முட்டை உடைந்து குஞ்சு வெளியே வந்துவிட்டால் எண்ணலாம். ருஷ்யனுக்கு அப்போதும் எண்ணக் கூடாது. வசந்தத்தில் பொரித்த குஞ்சு கோடை முழுக்கப் பருந்துக்கும் நோய்க்கும் தப்பி, இலையுதிர் காலத்தில் முற்றத்தில் நடந்தால்தான் அது கணக்கு. தேர்வு நன்றாக எழுதியிருக்கிறேன் என்று சொன்னால் எங்கள் பேராசிரியர்கள் இதைத்தான் சொல்வார்கள். நோயாளி அறுவை முடிந்து கண் விழித்ததும் குடும்பத்தார் சந்தோஷப்படும்போது எனக்கு இப்போதும் இந்த ருஷ்யப் பழமொழிதான் நினைவுக்கு வருகிறது, ஆங்கிலப் பழமொழி வருவதில்லை.

புதுவைக்காரர்:

// ருஷ்யத்தில் 'குஞ்சுகளை இலையுதிர் காலத்தில்தான் எண்ணுவார்கள்' //

பிரெஞ்சில் இதற்குக் கோழியே கிடையாது டாக்டர். 'கரடியைக் கொல்லும் முன் தோலை விற்காதே' என்பார்கள். லா ஃபோந்தேன் இதை வைத்து ஒரு கதைப்பாட்டே எழுதியிருக்கிறார்.

கூர்ஸ்க் மருத்துவர்:

அதுவும் ருஷ்யத்தில் இருக்கிறது! 'கொல்லாத கரடியின் தோலைப் பங்கு போடாதே.' பிரெஞ்சுக்காரர் விற்கிறார், ருஷ்யர் பங்கு போடுகிறார். இரண்டையும் இடம் பார்த்துப் பயன்படுத்துவார்கள். கிடைக்காத ஒன்றுக்குச் சண்டை போட்டால் கரடி, அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொன்னால் கோழி. என் காதில் அப்படித்தான் பதிந்திருக்கிறது.

பழையபுத்தகம்:

ஆங்கிலத்திலும் அந்தக் கரடி இருந்தது. பழமொழியாக மறைந்து பங்குச் சந்தையில் மட்டும் தங்கிவிட்டது. கையில் இல்லாத பங்கை, விலை இறங்கும் என்று எதிர்பார்த்து முன்கூட்டி விற்பவர்களை 18ஆம் நூற்றாண்டு லண்டனில் 'கரடித்தோல் வியாபாரி' என்றார்கள். சந்தை இறங்கினால் இன்றும் கரடி என்கிறோமே, அதன் வேர் இந்தப் பழமொழிதான்.

தாமிரபரணி:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எல்லாரும் வேரைத் தோண்டுகிறீர்கள். சொல்தேடிக்கு வேண்டியது ஒரு தமிழ் வாக்கியம். தமிழ் வாசகர் கதை படிக்கிறார், நாட்டார் வழக்காற்றியல் படிக்கவில்லை. நம்மிடம் இருக்கிற பழமொழியைப் போட்டால் என்ன தவறு? 'இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று இருக்கிறான்.' அச்சு அசலாக அந்த அம்மா சொல்கிறதுதான். எங்கள் வீட்டிலும் பெண் பார்க்க வந்த பையனைப் பற்றி என் பெரியம்மா இதே வார்த்தையைச் சொல்லி, அதனால் வீடு இரண்டு நாள் பேசாமல் இருந்தது.

இணை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது'. நாம் 'திருநெல்வேலிக்கே அல்வாவா' என்கிறோம். ஊரும் சரக்கும் மாறுகின்றன, விஷயம் நிற்கிறது.

கூர்ஸ்க் மருத்துவர்:

அண்ணாச்சி, ருஷ்யத்திலும் ஊர்ப்பெயரோடு ஒன்று இருக்கிறது. 'தூலாவுக்குச் சொந்த சமவாரோடு போக மாட்டார்கள்.' மாஸ்கோவுக்குத் தெற்கே 200 கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊர் தூலா. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே அங்கே சமவார் பட்டறைகள் உண்டு. தேநீருக்கு வெந்நீர் போடும் அந்தப் பித்தளைக் கலத்துக்கு நாடு முழுக்க அந்த ஊர்தான் பெயர் பெற்றது. பிரெஞ்சில் எப்படி?

புதுவைக்காரர்:

பிரெஞ்சில் ஊர் இல்லை. 'ஆற்றுக்குத் தண்ணீர் சுமப்பது', அவ்வளவுதான்.

சொல்தேடி:

தாமிரபரணி அண்ணாச்சி, பூனையைப் படித்ததும் எனக்குக் கை பரபரத்தது. உண்மையாகவே பொருந்துகிறது. ஆனால் உங்கள் அல்வாதான் என்னைத் தடுக்கிறது. ஒரு ருஷ்ய வியாபாரி, பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு, 'திருநெல்வேலிக்கே அல்வாவா' என்று சொன்னால் வாசகர் கதையிலிருந்து எழுந்து வெளியே வந்துவிடுவார். அங்கே தூலாவும் சமவாரும்தான் இருக்க வேண்டும். பூனையில் ஊர்ப்பெயர் இல்லை என்பதால் தப்பிக்கிறது. ஆனாலும் அந்தத் தாயின் வாயில் இருக்கிற தண்ணீரும் பிசாசும் போய்விடுகின்றனவே. கதையில் பின்னால் ஓர் ஆறும் வருகிறது. அந்த இளைஞன் மகளை அழைத்துக்கொண்டு போய் நிற்கிற இடம் ஆற்றங்கரைதான்.

பழையபுத்தகம்:

பின்னால் ஆறு வருகிறது என்றால் கேள்வி முடிந்தது. எழுதியவர் தண்ணீரை முன்னாலேயே வைத்துவிட்டார், நாம் அதை எடுக்கக் கூடாது.

இன்னொன்று. எந்தப் பழமொழி ஊருக்கு ஊர் மாறும், எது மாறாது என்பதை ஓரளவு கணிக்கலாம். எழுத்து வழியாகப் பரவியவை அப்படியே நிற்கும். 'தானமாக வந்த குதிரையின் பல்லைப் பார்க்காதே' மூன்று மொழியிலும் குதிரைதான். பிரெஞ்சிலும் ருஷ்யத்திலும் பல், ஆங்கிலத்தில் மட்டும் வாய். புனித ஜெரோம் அதை லத்தீனில் எழுதும்போதே 'மக்கள் சொல்லும் பழமொழி' என்று குறிப்பிடுகிறார். அவர் காலம் 4ஆம் நூற்றாண்டும் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கமும். நம்மிடம் 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறதா' இருக்கிறது. மாட்டுக்கும் குதிரைக்கும் வயதைப் பல்லில் பார்ப்பது எல்லா ஊர்ச் சந்தையிலும் உண்டு. எனவே இது அங்கிருந்து வந்ததா, நம் சந்தையிலேயே பிறந்ததா என்று தீர்ப்புச் சொல்ல நான் துணிய மாட்டேன்.

மாறாதவற்றிலும் சின்ன நெளிவு இருக்கும். 'ஒரு தகைவிலான் குருவி வந்தால் வசந்தம் வந்துவிடாது' என்பதை அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். பிரெஞ்சிலும் ருஷ்யத்திலும் அது வசந்தம். ஆங்கிலத்தில் மட்டும் கோடை. குருவி அங்கே ஏப்ரல், மே என்று தாமதமாகத்தான் வந்து சேரும் என்பதால் அது எனக்கு இயல்பாகப் படுகிறது.

ஆங்கிலத்தில் 'மண்வெட்டியை மண்வெட்டி என்று சொல்', அதாவது உள்ளதை உள்ளபடி சொல், என்பதற்கும் ஒரு கதை உண்டு. கிரேக்க மூலத்தில் மண்வெட்டி இல்லை, தொட்டி. பழமொழிகளை ஆயிரக்கணக்கில் தொகுத்த எராஸ்மஸ் லத்தீனுக்குக் கொண்டுபோகும்போது அது மண்வெட்டி ஆகிவிட்டது. 1542இல் ஆங்கிலத்துக்கு வந்த அந்தப் பிழை இன்றைக்கும் பழமொழியாக வாழ்கிறது. பிரெஞ்சில் 'பூனையைப் பூனை என்று சொல்', ருஷ்யத்தில் 'பொருளை அதன் பெயரால் அழை'.

புதுவைக்காரர்:

மொழிபெயர்ப்புப் பிழை பழமொழியாகிற கதை என்றால் என்னிடமும் ஒன்று இருக்கிறது. மனசு சரியில்லாமல், இருப்புக்கொள்ளாமல் இருப்பதைப் பிரெஞ்சில் 'தன் அசியெத்தில் இல்லை' என்பார்கள். அசியெத் என்ற சொல்லுக்கு முதலில் அமரும் நிலை என்று பொருள். குதிரைமேல் ஒருவர் நிலையாக உட்கார்ந்திருக்கும் விதம். அப்புறம் அதே சொல்லுக்குச் சாப்பாட்டுத் தட்டு என்ற பொருளும் வந்தது. ருஷ்யப் பிரபுக்கள் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர்கள். அந்தத் தொடரை ருஷ்யத்துக்குக் கொண்டுபோனபோது தட்டைத்தான் கொண்டுபோனார்கள். இன்றும் ருஷ்யர் ஒருவர் சங்கடமாக இருந்தால் 'என் தட்டில் நான் இல்லை' என்கிறார். கிரிபயேதவ் 1824இல் எழுதி முடித்த நாடகத்தில் ஒரு பாத்திரம் அதை இயல்பாகச் சொல்கிறது, அதற்குள் அது ருஷ்யமாகவே ஆகியிருந்தது.

நான் இதைப் பிழை என்று ஒதுக்க மாட்டேன். மனிதர்கள் ஒரு தொடரை 200 வருடம் வாயில் வைத்திருந்தால் அது அவர்களுடையது.

எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டும். 'ஓநாய்களோடு சேர்ந்து ஊளையிடுவது' என்று பிரெஞ்சிலும் இருக்கிறது, 'ஓநாய்களோடு வாழ்ந்தால் ஓநாய் போல ஊளையிடு' என்று ருஷ்யத்திலும் இருக்கிறது. பட்டியல்கள் இரண்டையும் 'ரோமில் ரோமானியர் போல நட' என்பதற்குப் பக்கத்தில் வைத்துவிடும். இன்றைய பிரெஞ்சில் அது கூட்டத்தோடு சேர்ந்து ஒருவரைத் தாக்குவதைக் குறிக்கிறது. செய்தித்தாளில் பார்த்தால் அநேகமாக ஒரு குற்றச்சாட்டாகத்தான் வரும். விருந்தாளி ஒருவரிடம் அதை அறிவுரையாகச் சொன்னால் முகம் மாறிவிடும்.

கூர்ஸ்க் மருத்துவர்:

ரோமுக்குச் சரியான ருஷ்ய இணை வேறு: 'அடுத்தவர் மடத்துக்கு உன் மடத்து விதியோடு போகாதே.' அங்கே ஒவ்வொரு மடத்துக்கும் தனி ஒழுங்கு விதி இருந்தது, எப்போது எழுவது, என்ன உண்பது என்பது வரை. இதைச் சொல்வது வந்தவரைவிட வீட்டுக்காரர்தான். ஆங்கிலப் பழமொழி போகிறவருக்குக் கொடுக்கும் யோசனை, ருஷ்யப் பழமொழி வந்தவருக்குப் போடும் தடை. எனக்கு விடுதிச் சமையலறையில் இரண்டு முறை கிடைத்தது, கடுகு தாளித்ததற்காக.

பழையபுத்தகம்:

ரோமுக்கும் உணவுதான் காரணம் டாக்டர். சனிக்கிழமை நோன்பு இருக்க வேண்டுமா என்று கேட்டபோது, மிலான் ஆயர் அம்ப்ரோஸ், ரோமில் இருந்தால் நோன்பு இருக்கிறேன், மிலானில் இருந்தால் இல்லை என்று பதில் சொன்னார். அதைப் பதிவு செய்தவர் கிறிஸ்தவ அறிஞர் அகஸ்டின்.

கூர்ஸ்க் மருத்துவர்:

அருமை. இன்னொரு விஷயம், ஓசை. ருஷ்யப் பழமொழிகளில் பாதி எதுகையில்தான் நிற்கின்றன. 'தவெர்யாய், நோ ப்ரவெர்யாய்', நம்பு, ஆனால் சரிபார். 1987 டிசம்பர் 8 அன்று வாஷிங்டனில் ஏவுகணை ஒப்பந்தம் கையெழுத்தானபோது அமெரிக்க அதிபர் ரீகன் இதை ருஷ்யத்திலேயே சொன்னார். ஒவ்வொரு சந்திப்பிலும் இதையே சொல்கிறீர்களே என்று சோவியத் தலைவர் கொர்பசோவ் சொல்ல, மண்டபம் சிரித்தது. ஆங்கிலத்தில் அந்த எதுகை போய், வெறும் அறிவுரையாக நிற்கிறது. தமிழில் பழமொழியைப் புதிதாக உருவாக்கும்போது மோனையாவது இருக்கட்டும் சொல்தேடி. காதில் நிற்காத வாக்கியத்தைப் பழமொழி என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

புதுவைக்காரர்:

ஆமாம். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், தமிழில் தானாக வந்து உட்காரும் பிரெஞ்சுப் பழமொழி. ஆங்கிலத்தில் 'கையில் இருக்கும் ஒரு பறவை புதரில் இருக்கும் இரண்டுக்குச் சமம்'. ருஷ்யத்தில் 'வானத்துக் கொக்கை விடக் கையில் உள்ள சிட்டு மேல்'. பிரெஞ்சில் பறவையே இல்லை: 'ஒரு இந்தா, இரண்டு அப்புறம் தர்றேன்-ஐ விட மேல்.' ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் இப்படித்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதைப் பெயர்க்கத் திணறுவார்கள். நம் 'இந்தா' அப்படியே பிரெஞ்சு 'தியான்'.

தாமிரபரணி:

பூனையை நான் விட்டுக்கொடுக்கிறேன், ஆறு வருகிறது என்று சொன்ன பிறகு.

டாக்டர் சொன்ன அந்த ஓமுத், ஆற்றில் திடீரென்று ஆழமாகும், மேலே அசையாது, பிள்ளைகளை இறங்கக் கூடாது என்பார்கள். அதற்கு நம்மிடம் சொல் இருக்கிறதே. மடு. எங்கள் ஊரில் படித்துறைக்குக் கீழே ஒரு மடு இருந்தது. என் ஆச்சி அந்தப் பக்கம் கையை நீட்டிக்கூடக் காட்ட மாட்டாள். காளிங்கன் கிடந்ததும் மடுவில்தான். அதனால் அசையாத மடுவில் ஏதோ குடியிருக்கிறது என்று சொன்னால் தமிழ் வாசகருக்கு விளக்கமே வேண்டாம். அது நம் பழமொழி இல்லை, ஆனால் நம் பயம்தான்.

பழையபுத்தகம்:

இத்தனை அகராதியிலும் கிடைக்காத சொல் ஆச்சியிடம் இருந்திருக்கிறது. இதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை.

சொல்தேடி:

அண்ணாச்சி, நன்றி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியவில்லை. நேற்று இரவே உட்கார்ந்து மாற்றினேன். இப்போது அந்தப் பத்தி இப்படி இருக்கிறது:

"மூன்று முறை வந்துவிட்டான், மூக்கைச் சொறிந்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. மடு அசையாது, பிசாசு மறையாது" என்றாள் தாய், சூப்பைக் கலக்கியபடியே. மகள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

இப்போது அந்தப் பெண் ஏன் எழுந்து போகிறாள் என்று தெரிகிறது.

கூர்ஸ்க் மருத்துவர்:

மிக நன்று. 'மறையாது' மட்டும் ஒரு முறை யோசியுங்கள். மூலத்தில் பிசாசு மறைந்துதான் இருக்கிறது, அதுதான் பயமே.

சொல்தேடி:

சரிதான் டாக்டர், எதுகைக்காக அர்த்தத்தைக் கைவிட்டுவிட்டேன். 'மடு அசையாது, உள்ளே பிசாசு உறங்காது.' இதை வைத்துக்கொள்கிறேன்.

தாமிரபரணி:

இதைத்தான் ஆச்சி சொல்லியிருப்பாள்.